லைனிங் வைத்த வலை

"இல்ல அம்மணி, அது கொசுவலை இல்ல. ஜன்னலுக்குப் போடுற திரையும் இல்ல" என்றார் வேதசிரோமணி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

அம்மணி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற வழியில், போன வாரம் கொடுத்த ரவிக்கை தைத்தாகிவிட்டதா என்று பார்க்கத்தான் கடைக்கு வந்திருந்தாள்.

"என் மருமக ஜெயசீலியோட வலை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்குதில்ல, அதுக்கு. தண்ணியில போட்டு இழுக்கணும்."

"என் ரவிக்க இன்னா ஆச்சு?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் இதுல மாட்டும்."

"கண்ணுக்கே தெரியாதது மாட்னா இன்னா, மாட்டாட்டி இன்னா? ரவிக்க கீதா, இல்லியா? அத்தச் சொல்லுண்ணா."

ரவிக்கை தைத்தாகவில்லை. அதனால்தான் அவர் வலையை விட்டு வேறு பேச்சுக்கு வரவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் பிப்ரவரி மாதம் அது. மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிற ரோட்டில் வேதசிரோமணியின் தையல் கடை இருந்தது. ஊரில் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, இளவட்டமாக வடக்கே ரயிலேறி வந்தவர். ரவிக்கை, பாவாடை, சட்டை எல்லாம் தைப்பார். ஆனால் அவர் பேர் சொன்னது இரண்டு உருப்படிதான்: பாதிரிமார் போடுகிற அங்கி, கல்யாண மாப்பிள்ளை போடுகிற கோட்டு. பல்லாவரம் முதல் வண்டலூர் வரைக்கும் எந்தச் சபைப் போதகரின் அங்கியைப் புரட்டிப் பார்த்தாலும் உள்ளே அவருடைய லைனிங்தான் இருக்கும். வெளித்துணி நைந்து போனாலும் லைனிங் நைந்து போகாது. "வெளியில தெரியுறதை எவன் வேணும்னாலும் தைப்பான். தொழில் உள்ளே இருக்கு" என்பார்.

ஜெயசீலி அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்தது அதற்கு முந்தின வருஷம் மே மாதத்தில். மாடம்பாக்கத்துப் பெண். தகப்பன் இல்லை. தாய் பள்ளிக்கூட ஆசிரியை. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். பெண் பார்க்கப் போனபோது, காப்பி கொடுத்த கையோடு, "நான் இன்னும் படிக்கணும். அதுக்குச் சம்மதம்னா மேலே பேசலாம்" என்று நேராகவே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை ஜெபசீலனுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அவன் தலையை ஆட்டுவதற்குள் வேதசிரோமணி, "எங்க வீட்டுல காலேஜ் படிச்ச ஆளே இல்லம்மா. நீ வந்து படி" என்று சொல்லிவிட்டார். வருகிற வழியில் அவர் மனைவி ரத்தினபாய் அதற்காக அவரை மாடம்பாக்கத்திலிருந்து ரயில்வே கேட் தாண்டும் வரைக்கும் திட்டினாள்.

ஜூலையில் ஜெயசீலி கல்லூரியில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டாள். சேர்ந்த மறுநாளே ஆராய்ச்சி செய்யலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி இல்லை. அந்தக் கல்லூரியில் முதலில் மூன்று பேப்பர் படித்துத் தேற வேண்டும். ஒன்று எல்லாருக்கும் பொது: எப்படி எண்ணுவது, எப்படி அளப்பது, எப்படி எழுதுவது என்று. இன்னொன்று ஜெர்மன் மொழி. பழைய ஆராய்ச்சி நிறைய அதில்தான் கிடக்கிறதாம். மூன்றாவது, அவரவர் எடுக்கிற பிரிவு. அதை முதலில் முடிவு செய்தால்தான் அந்தப் பேப்பரைப் படிக்க முடியும். வழிகாட்டுகிற வாத்தியாரும் அதற்குத் தகுந்தாற்போல் மாறுவார்.

ஜெர்மனை அவள் அம்மியில் மசாலா அரைக்கும்போது உருப்போடுவாள். ரத்தினபாய் கூடத்திலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"ஏங்க, உங்க மருமக அம்மிகிட்ட என்னமோ பேசுறா. ஜெபமா, என்னைத் திட்டுறாளா, ஒண்ணும் தெரியல."

"திட்டினா உனக்குப் புரியும். இது புரியலல்ல? அப்ப ஜெபம்தான்" என்பார் வேதசிரோமணி.

பிரிவு என்றால் என்ன என்று ஒருநாள் அவர் கேட்டார். ஜெயசீலி கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

"நீங்க எல்லாம்தானே தைக்கிறீங்க மாமா? ஆனா அங்கின்னா உங்ககிட்டதானே வர்றாங்க? அது மாதிரிதான். விலங்கு எல்லாத்தையும் படிச்சாச்சு. இனிமே அதுல ஒண்ணைப் பிடிச்சிக்கணும். பூச்சிப் பிரிவு இருக்கு, ஒட்டுண்ணிப் பிரிவு இருக்கு, கடல் பிரிவு இருக்கு."

"ஒட்டுண்ணின்னா?"

"வயித்துப் புழு, பேன், உண்ணி. அடுத்த உயிர்மேல ஒட்டிக்கிட்டுப் பிழைக்கிறது."

"அது வேணாம். சாப்பாட்டு நேரத்துல சொல்லவும் வேணாம்."

"எனக்குக் கடல்தான் மாமா. எம்.எஸ்ஸி. படிக்கும்போது கோவளத்துத் தண்ணி ஒரு சொட்டு, பெருசாக் காட்டுற கண்ணாடிக்கு அடியில வெச்சுக் காட்டினாங்க. ஒரு சொட்டுதான். உள்ள ஒரு ஊரே இருந்துது. துடுப்பு போடுறது, உருளுறது, விளக்கு மாதிரி இருக்குறது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நிற்க, வேதசிரோமணி மருமகளின் முகத்தையே பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இல்லை. இவளுக்கு இது கிடைக்க வேண்டும் என்று அவர் மனதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

கடல் பிரிவை நடத்தியவர் வேதாசலம் சார். அந்த வருஷம் இரண்டு பேரை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஜெயசீலி ஒருத்தி, குரோம்பேட்டையிலிருந்து வரும் வைத்தீஸ்வரன் இன்னொருவன். கழிமுகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வலை இழுக்க வேண்டும் என்பது சாருடைய திட்டம். அதனால் இரண்டு பேர், இரண்டு வலை. வலைக்கான பட்டுத் துணி உள்ளூரில் கிடைக்காது. சல்லடைக் கண்ணைவிடச் சன்னமான கண். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வந்தது, சரியாக இரண்டு வலைக்குத்தான் காணும். அடுத்த பார்சல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வலையைத் தைத்து, கோவளத்தில் ஒரு தடவை இழுத்து, பிடித்ததைப் பாட்டிலில் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிறகு பிரிவு உறுதி.

"பட்டணத்துல யாரோ ஒருத்தர்கிட்ட குடுத்துத் தைக்கச் சொல்றார் சார்" என்றாள் ஜெயசீலி.

வேதசிரோமணிக்குச் சுருக்கென்றது. "வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்?"

அப்படித்தான் இரண்டு துண்டுப் பட்டும் அவர் கடைக்கு வந்தது. கூடவே வேதாசலம் சார் பென்சிலால் போட்ட படம். புனல் மாதிரி இருந்தது. அகலமான வாய்க்கு இரும்பு வளையம், குறுகிய வாலில் ஒரு பாட்டில் கட்ட இடம். தண்ணீர் வாய் வழியே நுழைந்து பட்டின் கண் வழியே வெளியேறிவிடும். உயிர்கள் மட்டும் வழுக்கிக்கொண்டு போய்ப் பாட்டிலில் சேரும்.

வைத்தீஸ்வரனுடையதை முதலில் தைத்தார். படத்தில் இருந்தபடியே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரான் பிள்ளை, சொன்னதைச் செய்துகொடுத்தால் போதும்.

மருமகளுடையதை எடுத்தபோதுதான் கை தயங்கியது. பட்டைத் தூக்கிப் பிடித்தால் எதிர்க் கடைப் பலகை தெரிந்தது. இவ்வளவு மெலிசான துணியைப் படகில் கட்டி இழுக்கப் போகிறார்கள். கல்லில் உரசும், கட்டையில் இடிக்கும். கோட்டுக்கே லைனிங் இல்லாமல் நிற்காது. இது எப்படி நிற்கும்? தண்ணீர் வடிய வேண்டும் என்கிறார்கள். வடியட்டும். வீட்டில் கஞ்சி வடிகட்டுவது மல் துணியில்தானே? கடையில் இருந்ததிலேயே நல்ல மல்லாக எடுத்தார். உள்ளே சுருக்கம் விழாமல் வெட்டி, மெஷினை நம்பாமல் கையால் ஓட்டுத் தையல் போட்டு, விளிம்பை மடித்து இரட்டைத் தையல் அடித்தார். மடித்து வைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதற்கு மேல் மணப்பெண் துணிக்குப் போடுவது போல வெள்ளைக் காகிதம் சுற்றி நூல் கட்டினார்.

"பிரிக்காதம்மா, மடிப்புக் கலைஞ்சுடும். தண்ணியில இறக்கும்போது பிரி" என்றார். ஜெயசீலிக்கு அந்த வாரம் ஜெர்மன் தேர்வு. அவளும் பிரித்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஜெயசீலியும் வைத்தீஸ்வரனும் கோவளம் போனார்கள். ஜெபசீலனுக்கு டியூட்டி. "கட்டின பொண்ணு படகு ஏறப் போறா. கூட ஒரு ஆம்பளை வேணாமா? நீங்க போங்க" என்று ரத்தினபாய்தான் வேதசிரோமணியை அனுப்பினாள். தன் வலை தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை. வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மீன் ஏலம் நடக்கிற இடத்தைத் தாண்டும்போது வைத்தீஸ்வரன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

படகுக்காரர் மாரி அதைப் பார்த்துவிட்டார். "இன்னா சாமி, கடலு படிக்க வந்துட்டு மூக்கப் பொத்திகினு நிக்கிறியே? எத்தினி வருசப் படிப்பு?"

"நாலஞ்சு வருஷம்."

"அதுவரிக்கும் மூச்சு வுடாம இருப்பியா?"

வைத்தீஸ்வரனே சிரித்துவிட்டான்.

கடலுக்குள் போகவில்லை, கோவளத்துக்குப் பின்னால் கழிமுகத்தில்தான். முதலில் வைத்தீஸ்வரனின் வலை இறங்கியது. மாரி மெதுவாகக் கோலை ஊன்ற, வலை வாயைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தது. தூக்கியபோது பாட்டிலில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர். வேதசிரோமணிக்கு அது அரிசி களைந்த நீர் போலத்தான் இருந்தது. ஜெயசீலி வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். உள்ளே எல்லாம் துடித்துக்கொண்டிருந்தது.

"தெரியுதா மாமா?"

"தெரியுது, தெரியுது" என்றார். பாதிதான் தெரிந்தது. ஆனால் மனசு நிறைந்துவிட்டது. ஊரான் பிள்ளைக்குத் தைத்ததே இப்படி என்றால், நம் வலை எப்படி இருக்கும்!

காகிதத்தைப் பிரித்த கையோடு ஜெயசீலியின் வலையை இறக்கினார்கள்; யாரும் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் சரியாகத்தான் வந்தது. பிறகு படகு பின்னால் இழுபட்டது. மாரி கோலை அழுத்தி ஊன்றினார். படகு பக்கவாட்டில் திரும்பியதே தவிர முன்னால் போகவில்லை.

"இன்னாம்மா இது, வலையா தலகாணியா? தண்ணி பூராம் உள்ளயே குந்திகினு கீது. வெளிய போவ மாட்டேங்குது."

ஜெயசீலியும் வைத்தீஸ்வரனும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். வலை ஊதிப்போய், நிறைமாதத்து வயிறு போலத் தண்ணீருக்கு மேலே எழும்பியது. "மெல்ல, மெல்ல" என்று ஜெயசீலி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சர்ரென்று ஒரு சத்தம். வாயிலிருந்து வால் வரைக்கும் பட்டு கிழிந்து, உள்ளிருந்து வெள்ளையாய் இன்னொரு துணி பிதுங்கியது.

வலையைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். ஜெயசீலி அந்த வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். கழிமுகத்துச் சேறு அதன் கண்ணையெல்லாம் மெழுகியிருந்தது.

"மாமா, உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"லைனிங்மா" என்றார் அவர். சொல்லும்போதுகூட அவர் குரலில் கொஞ்சம் பெருமை மீதி இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

தையல் எல்லாம் அப்படியே நின்றிருந்தது. ஒரு நூல்கூட விடவில்லை. துணிதான் போய்விட்டது.

லைனிங் மடிப்புக்குள் கைநிறையச் சேறும், நாலைந்து மடவை மீன் குஞ்சுகளும் கிடந்தன. தண்ணீர் வெளியேறாததால் தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டவை. ஜெயசீலியின் கை, படித்த பழக்கத்தில், தன்னால் ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தது. உள்ளே வெள்ளையாய் ஏதோ அப்பிக்கொண்டிருந்தது.

"அது மீன் பேனும்மா. தூக்கிப் போடு" என்றார் மாரி.

அவள் தூக்கிப் போடவில்லை. எல்லாக் குஞ்சுகளையும் காலியாய் இருந்த தன் பாட்டிலில் போட்டு மூடினாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்பதைத் தவிர அப்போது அவளுக்கு வேறு யோசனை இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். வேதசிரோமணி பின்னால் நின்றுகொண்டே வந்தார். வைத்தீஸ்வரன் எழுந்து இடம் கொடுத்தும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிழிந்த வலையை ஜெயசீலி கூடத்தில் விரித்தாள்.

"புதுசா தைச்சுத் தரேம்மா. சார் படத்துல உள்ளபடியே" என்றார்.

"துணி எங்க மாமா?"

அவள் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள். சத்தம் வராததால்தான் இவருக்குத் தாங்கவில்லை.

ரத்தினபாய் வலையைப் புரட்டிப் பார்த்தாள். "அந்தப் பையனோடதும் கிழிஞ்சுதா?"

"இல்ல."

"அதுல லைனிங் வெச்சீங்களா?"

"இல்ல."

"அவன் செஞ்ச புண்ணியம், உங்களுக்குச் சொந்தமில்லாமப் போயிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்கு எல்லோரும் சேர்ந்துதான் போனார்கள். ஜெயசீலி சாப்பாடு போட்டாள், காப்பி கொடுத்தாள். "மாமா, காப்பி" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

திங்கட்கிழமை காலையில் வேதசிரோமணி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மருமகளோடு கிளம்பினார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. கல்லூரியில் வேதாசலம் சாருடைய அறையில் ஐசக் சாரும் இருந்தார். ஒட்டுண்ணிப் பிரிவு அவருடையது. இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் ஒரு மாணவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று ஜெயசீலி வீட்டில் முன்பே சொல்லியிருக்கிறாள்.

வேதசிரோமணி உட்காரவில்லை. "சார், தப்பு பூராவும் என்னுது. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. படத்துல இல்லாததை நான்தான் வெச்சேன்."

வேதாசலம் சார் வலையை வாங்கிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தால், தையலைத்தான் தடவித் தடவிப் பார்த்தார். "இவ்வளவு நல்லாத் தைச்சுட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே. யாராவது வலைக்கு லைனிங் வைப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா, வைக்காதீங்கன்னு படத்துலயே எழுதியிருப்பேன்."

"புள்ளைய எடுத்துக்கங்க சார்."

"எடுத்துக்கிட்டு? ஒரு வலைதான் இருக்கு. ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல இழுக்கணும். பார்சல் வர ஒரு வருஷம் ஆகுமோ, ரெண்டு வருஷம் ஆகுமோ. அதுவரைக்கும் இவங்க என்ன பண்ணுவாங்க?" பிறகு ஜெயசீலி பக்கம் திரும்பினார். "பூச்சிப் பிரிவுல இடம் இருக்கும்மா. வயல், தோட்டம்னு சுத்தலாம். யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

வேதசிரோமணி கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தார்.

ஜெயசீலி பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வேதாசலம் சாருக்கு எதிரே இல்லை. ஐசக் சாருக்கு எதிரே.

"சார், நேத்து இதைக் கண்ணாடிக்கு அடியில வெச்சுப் பாத்தேன். கிழிஞ்ச வலைக்குள்ள கிடந்த குஞ்சு. அஞ்சுல மூணுக்குச் செவுள்ல பேன் இருக்கு. ரெண்டு வகை."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் கல்லூரிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். தாய் வீட்டுக்குப் போனதாக அல்லவா வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐசக் சார் பாட்டிலைத் தூக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எங்க பிடிச்சது?"

"கோவளம் கழிமுகத்துல."

"வேற மீன்ல பாத்தியா?"

"இன்னும் இல்ல சார். பாக்கணும்."

"பாக்கலாமே" என்றார் ஐசக் சார். பிறகு சந்தேகம் வந்து, "புழுப் பேப்பர் முழுசாப் படிக்கணும், தெரியும்ல? ஆட்டுக் குடல், மாட்டு ஈரல் எல்லாம் அறுக்கணும். பாதியில எழுந்து ஓடிடக் கூடாது" என்றார்.

"ஓட மாட்டேன் சார். ஆனா என் மீன் கோவளத்து மீனா இருக்கணும்."

வேதாசலம் சார் சிரித்தார். "ஐசக், என் கடலை நீ எடுத்துக்கிற."

திரும்பி நடக்கும்போது, சனிக்கிழமைக்கப்புறம் முதல் தடவையாக அவளே பேசினாள். "எனக்கு அந்தச் சொட்டுத் தண்ணிதான் மாமா வேணும். அது இனி கிடையாது. வைத்தீஸ்வரனுக்குத்தான் அது."

"தெரியும்மா."

"இதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆனா அது இல்ல."

"தெரியும்மா" என்றார் மறுபடியும். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஒட்டுண்ணிப் பிரிவில் ஒரு வசதி இருந்தது. படகு வேண்டாம், பட்டு வேண்டாம். ஏலம் முடிகிற நேரத்துக்குக் கோவளம் போய்க் கூடையில் மீன் வாங்கி வந்தால் போதும். செவுளையும் குடலையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயசீலி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். "தலை இல்லாத மீனைக் குழம்பு வெச்சு வெச்சு எனக்குத் தலையே மறந்துபோச்சு" என்று ரத்தினபாய் புலம்புவாள். குழம்பு மட்டும் குறையில்லாமல் வைப்பாள்.

பால் ஊற்ற வரும் அம்மணிக்கு விஷயம் தெரிந்தபோது அவள் வாசலில் நின்று சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. "பேன் பாக்கறதுக்கா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க? எங்க வூட்டுக்கு வாம்மா. எங்க மாமியா தலையில ரெண்டு பட்டம் வாங்கற அளவுக்கு கீது."

"அது மனுஷப் பேன் அம்மணி. நான் பாக்குறது மீன் பேன்."

"மீனுக்கு யாரும்மா பேன் பாப்பாங்க? நீதான் பாக்கணும், பாவம்."

வேதசிரோமணியிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. யார் என்ன துணி கொண்டுவந்தாலும், "லைனிங் வேணுமா, வேணாமா? வாயால சொல்லிடுங்க" என்று கேட்டார். சொல்லாதவருக்கு வைக்கவில்லை. அந்த வருஷம் ஒரு போதகர் புது அங்கியை வாங்கிக்கொண்டு போய், கோபமாகத் திரும்பி வந்தார். "என்ன வேதசிரோமணி, உள்ளே ஒண்ணுமே இல்லையே?"

"நீங்க சொல்லலையே ஐயா."

"உங்களுக்குச் சொல்லணுமா?"

"இப்பல்லாம் சொல்லணும் ஐயா."

பிரிவுப் பேப்பரைப் படிக்கும்போதே ஜெயசீலி முழுகாமல் இருந்தாள். ஆட்டுக் குடலை அறுக்கும் வகுப்பில் ஜன்னல் ஓரம் இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்; ஐசக் சார் சொன்னதுபோல எழுந்து ஓடவில்லை, வாசல் வரைக்கும் மட்டும் சில தடவை போய்வந்தாள். அக்டோபர் கடைசியில், டெஸ்கை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டு தேர்வு எழுதினாள். தேறிவிட்டாள். மூன்று பேப்பரும் முடிந்தன. இனி ஆராய்ச்சிதான் பாக்கி. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பும் வழக்கப்படி மாடம்பாக்கம் போனாள். பெட்டியில் பாதி துணி, பாதி புத்தகம்.

தையல்காரர் வீடு. பேரப்பிள்ளை வரப் போகிறது. கடையில் துண்டுத் துணி குவிந்து கிடக்கிறது. ஆனால் பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று ஒரு துணி வெட்டக் கூடாது என்பது ரத்தினபாயின் கண்டிப்பு. அவர் கத்தரியைக் கையில் எடுத்தாலே, "என்ன வெட்டுறீங்க?" என்று குரல் வரும். டிசம்பர் வரைக்கும் வேதசிரோமணி கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆண் குழந்தை பிறந்தது. சேதி வந்ததும் அவர் கடையைப் பூட்ட மறந்து மாடம்பாக்கத்துக்குச் சைக்கிள் மிதித்தார். அன்று குழந்தையைப் பார்த்ததோடு சரி. இரண்டாம் நாள் கழுத்தில் டேப்போடு போனார். மடியில் கிடந்த பேரனின் தோளை அளந்தார், கையை அளந்தார். அளவு எடுக்கும் நேரம் முழுக்க அவன் தூங்கினான். இத்தனை வருஷத்தில் அசையாமல் அளவு கொடுத்த ஆள் இவன் ஒருவன்தான் என்று சம்பந்தியம்மாளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். போகும்போதும் வரும்போதும் வழியில் பார்த்தவரிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "பேரன்" என்று சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையை ஜெயசீலியின் தாய் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தாள். ஜெயசீலி சுவரில் சாய்ந்து, முழங்கால்மேல் ஐசக் சார் கொடுத்தனுப்பிய படங்களை விரித்து வைத்திருந்தாள். வேதசிரோமணி வெட்டி வைத்த சட்டைத் துணியை எடுத்துக் காட்டினார். வெள்ளை பாப்ளின். இரண்டு கை, ஒரு முதுகு, இரண்டு முன்பக்கம். வேறு ஒன்றும் இல்லை.

"நீ சொன்னா தைச்சுடுறேம்மா" என்றார். "இவ்வளவுதான் வெட்டியிருக்கேன். வேற எதுவும் வைக்கல."

ஜெயசீலி படங்களை ஓரமாய் வைத்துவிட்டு அந்தத் துணியை வாங்கினாள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். அதன் வழியே ஜன்னல் கம்பி தெரிந்தது. குழந்தையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"குளிருது மாமா. இதுக்கு லைனிங் வையுங்க."